காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

காலை 6-30 மணி. குழாயில் தண்ணீர் நிற்கப்போகிற நேரம். அம்மா கடைசிக் குடத்தைத் தூக்கி உள்ளே வைக்கிறாள். அப்பா சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, லோக்கல் ரயிலைப் பிடிக்க அவசரப்படுகிறார். அந்த நேரம் பார்த்து, பாயில் சுருண்டு கிடக்கும் பையன் முனகுகிறான்.

“வயித்த வலிக்கும்மா... இன்னைக்குப் பள்ளிக்கூடம் போகல.”

நேற்றும் இதே வலி. முந்தாநாளும் இதே வலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வரவில்லை. அன்று நாள் முழுவதும் சந்தில் கிரிக்கெட் ஆடினான்.

“சும்மா நடிக்கான். ரெண்டு போடு போட்டா எல்லாம் சரியாப் போகும்” என்று சொல்லிவிட்டு, அப்பா செருப்பை மாட்டுகிறார்.

இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்லும் காட்சி. தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில், சீத்தா கேம்ப் என்று மும்பையில் தமிழர் குடியிருக்கும் இடங்களில், ஒற்றை அறை வீட்டிலும் நடக்கும். முலுண்டிலும் டோம்பிவிலியிலும் கடன் வாங்கி பிளாட் வாங்கிய குமாஸ்தா வீட்டிலும் நடக்கும். பையனுக்குப் பதில் பெண் பிள்ளையாக இருக்கலாம். வயிற்றுவலிக்குப் பதில் தலைவலியாக இருக்கலாம். காலையில் வந்து, பள்ளி நேரம் தாண்டியதும் போய்விடும் என்பதுதான் அந்த வலியின் அடையாளம்.

பிள்ளை நடிக்கிறதா? பெரும்பாலும் இல்லை என்பதுதான் மருத்துவம் சொல்லும் பதில்.

வலி உண்மையானது

பெரிய அதிகாரி கூப்பிட்டு அனுப்பினால் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. அந்த நேரத்தில் யாரும் நடிப்பதில்லை. பயம் வந்தால் மூளை உடம்புக்கு அபாய அறிவிப்பு கொடுக்கிறது. அட்ரினலின் போன்ற சுரப்பு நீர்கள் ரத்தத்தில் கலக்கின்றன. மூளைக்கும் குடலுக்கும் நேரடி நரம்புத் தொடர்பு இருப்பதால், குடல் இறுகுகிறது. வலி வருகிறது.

“எனக்குப் பயமாக இருக்கிறது, காரணம் இதுதான்” என்று எடுத்துச் சொல்லப் பெரியவர்களுக்குத் தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அதன் வாய் சொல்லாததை வயிறு சொல்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வயிற்றுவலி என்றால் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். தூக்கத்தில் எழுப்பும் வலி, காய்ச்சல், வாந்தி, எடை குறைவு, மலத்தில் ரத்தம் ஆகியவை இருந்தால் அது வேறு விஷயம், தாமதம் கூடாது. டாக்டர் பார்த்து, உடம்பில் கோளாறு இல்லை என்று சொன்ன பிறகு, “அப்படியானால் நடிப்புதான்” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் 2015-16ம் ஆண்டில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. அதில் 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 100க்கு 7 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பது தெரிந்தது. பெருநகரங்களில் மட்டும் பார்த்தால், 100க்கு 13 பேருக்கு மேல்! நகரத்துப் பிள்ளைக்கு மனச்சுமை அதிகம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நாலு மொழிக்கு நடுவில்

மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு.

வீட்டில் தமிழ். தெருவில் இந்தி. பாடப் புத்தகம் ஆங்கிலம். 2020ம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். மும்பை மாநகராட்சி தமிழ் உள்பட 8 மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. என்றாலும், ஆங்கிலத்தில் படித்தால்தான் பிழைப்பு என்று பெரும்பாலான பெற்றோர் எண்ணுகிறார்கள். அதில் தவறு இல்லை.

பல மொழி படிப்பதால் பிள்ளையின் மூளை கெட்டுப்போவதும் இல்லை. சின்ன வயதில் நாலு மொழியையும் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் மொழி பிடிபடும் வரை உள்ள காலம்தான் கஷ்ட காலம். வகுப்பில் எழுந்து மராத்தி வாசிக்கச் சொல்கிறார்கள். உச்சரிப்பு தடுமாறுகிறது. நாற்பது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். “மதராசி” என்று ஒருவன் கேலி செய்கிறான். பெரியவர்களுக்கு அது ஒரு நிமிட விஷயம். அந்தப் பிள்ளைக்கு, மறுநாள் காலையில் வயிற்றுவலி.

ஊரில் தாத்தா, பாட்டியிடம் நாலாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்றரை நாள் ரயிலில் வந்து இங்கே ஐந்தாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்கு ஊர், நண்பர்கள், மொழி, வளர்த்த பாட்டி எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. அப்பாவும் அம்மாவும்கூட அவர்களுக்குப் பாதி புதியவர்கள்தான். “வந்து ஆறு மாசமாச்சு. இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கான்” என்று குறைபடுவதில் பயன் இல்லை. வாரம் ஒரு முறை பாட்டியிடம் போனில் பேச வைத்தால், அது பாதி மருந்து.

தன் மீதே புகார்

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கிறது. ஆசிரியை இந்தியில் வேகமாகப் பேசுகிறார். அம்மாவுக்குப் புரியவில்லை. “டீச்சர் என்னடா சொல்லுதாங்க?” என்று பையனையே கேட்கிறாள். தன் மீது கூறப்படும் புகாரைத் தானே மொழிபெயர்க்க வேண்டிய நிலை அவனுக்கு! ஒன்று, அவன் மாற்றிச் சொல்வான். அல்லது, உள்ளதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனதும் அடி வாங்குவான். இரண்டிலும் அவனுக்கு அவமானம்தான்.

இதற்கு வழி எளிது. இந்தியோ மராத்தியோ தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். கூட்டம் நடக்காத நாளில், வகுப்பு ஆசிரியையைத் தனியே பார்த்துப் பேசலாம். “என் பையன் காலையில் அழுகிறான். வகுப்பில் ஏதாவது நடக்கிறதா?” என்று கேட்டால் போதும். அரை நாள் சம்பளம் போகும்தான். ஆனாலும் அந்த அரை நாளில் தெரிய வருவது, ஆறு மாதம் மிரட்டினாலும் தெரிய வராது.

“உனக்காகத்தான்...”

ஊரை விட்டு வந்த பெற்றோர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு.

“உனக்காகத்தானே சொந்த ஊரை விட்டுட்டு இங்க வந்து இந்தப் பாடு படுதோம்?”

சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, நெரிசலில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்கிறவருக்கு அது உண்மை. ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு விதமாக விழுகிறது. “இவர்கள் படும் பாட்டுக்கெல்லாம் நான்தான் காரணம்” என்று அது எண்ணிக்கொள்கிறது. 60 மார்க் வாங்கினால், 40 மார்க்கை மட்டும் இழக்கவில்லை. அப்பாவின் வியர்வையையும் வீணாக்கிவிட்டதாக நினைக்கிறது. அதற்குப் பிறகு மார்க் ஷீட்டை மறைக்கிறது. பொய்க் கையெழுத்துப் போடுகிறது. தன் கஷ்டத்தைச் சொல்ல வாய் வருவதில்லை. “அவர்களுக்கு இருக்கும் கஷ்டம் போதாதா?” என்று அடக்கிக்கொள்கிறது.

குடும்பக் கஷ்டம் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பது இல்லை. ஒற்றை அறையில் எதை மறைக்க முடியும்? “இந்த மாசம் கொஞ்சம் முடை. அதை அப்பா பாத்துக்கிடுதேன். நீ படி, விளையாடு” என்று சொல்லலாம். கஷ்டம் அதே கஷ்டம்தான். ஆனால் அது இப்போது அப்பாவின் தலையில் இருக்கிறது; பிள்ளையின் தலையில் இல்லை.

“ஊரில் சித்தப்பா மகனைப் பார்”, “எதிர் வீட்டுப் பொண்ணைப் பார்” என்ற ஒப்பீடும் இப்படித்தான். அதனால் மார்க் ஏறிய பிள்ளைகள் குறைவு. சித்தப்பா மகனை வெறுக்கத் தொடங்கிய பிள்ளைகள் அதிகம்.

அடி உதவுமா?

“அடியாத மாடு படியாது” என்று பழமொழி சொல்வார்கள். அது மாட்டுக்குச் சொன்னது. அடி வாங்கும் பிள்ளை, அந்த நேரத்துக்கு அடங்குவது உண்மை. ஆனால் அது கற்றுக்கொள்வது பாடத்தை அல்ல. மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் வித்தையை. அடிக்குப் பயந்த பிள்ளை, வெளியில் யாராவது தகாத முறையில் நடந்துகொண்டால்கூட வீட்டில் வந்து சொல்லாது. “நீ ஏன் அங்கே போனாய்?” என்று அதற்கும் அடி விழும் என்று பயப்படும்.

பள்ளிக்கூடத்தில் அடிப்பதைச் சட்டமே தடுத்திருக்கிறது. 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதற்கும் மனதைத் துன்புறுத்துவதற்கும் தடை விதிக்கிறது. “நல்லா அடிச்சுப் படிக்க வைங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வரும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கால் மணி நேரம் போதும்

“நான் வீட்டுக்கு வரும்போதே மணி ஒன்பது. எப்போது பிள்ளையோடு பேச?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணிக்கணக்கில் பேச வேண்டியது இல்லை. தினமும் கால் மணி நேரம். அந்த நேரத்தில் டி.வி. அணைந்திருக்க வேண்டும். போன் கையில் இருக்கக்கூடாது.

கேள்வியையும் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். “இன்னைக்கு என்ன மார்க்?” என்றால் ஒரே சொல்லில் பதில் வரும். “இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?” என்று கேட்டால் கதை வரும். அந்தக் கதையில், சண்டை போட்ட சிநேகிதன் வருவான். மிரட்டும் பெரிய பையன் வருவான். தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட நாளும் வெளியே வரும்.

கதை கேட்கும்போது இடையில் புத்தி சொல்லக்கூடாது. “நீ திருப்பிக் குடுக்க வேண்டியதுதானே?” என்று வீரம் பேசவும் கூடாது. “அப்படியா? அப்புறம்?” என்று கேட்டால் போதும். பாதிப் பிள்ளைகளுக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல; கேட்க ஒரு காது.

தூக்கமும் மனநலத்துக்கு முக்கியம். 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைக்குத் தினமும் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று நிபுணர்கள் வகுத்திருக்கிறார்கள். ஒற்றை அறையில் நள்ளிரவு வரை டி.வி. ஓடினால் பிள்ளை எப்படித் தூங்கும்? தூக்கம் குறைந்த பிள்ளை மறுநாள் எரிந்து விழும். பாடம் மண்டையில் ஏறாது. தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு அசையும் விளையாட்டு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சந்தில் ஆடும் கிரிக்கெட்டும் இதில் சேர்த்திதான். டியூஷனுக்காக அதை நிறுத்திவிடக் கூடாது.

படிப்பு ஏறாத பிள்ளை

சில பிள்ளைகள் வாயால் கேட்டால் நன்றாகப் பதில் சொல்லும். எழுதச் சொன்னால் எழுத்து முன்பின்னாக மாறும். வரி விட்டு வரி தாவும். “சோம்பேறி” என்ற பட்டம் கிடைக்கும். இது சோம்பல் அல்ல. டிஸ்லெக்ஸியா எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2007ல் வெளிவந்த “தாரே ஜமீன் பர்” என்ற இந்திப் படம் இப்படிப்பட்ட ஒரு சிறுவனின் கதைதான். அறிவுக்கும் இந்தக் குறைக்கும் சம்பந்தம் இல்லை.

2016ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் ஒரு குறைபாடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. முறைப்படி சோதித்துச் சான்றிதழ் பெற்றால், தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். மும்பையில் மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரியில் இதற்கான சோதனை உண்டு. அதற்கு முன்பு, பிள்ளைக்குக் கண் பார்வையும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். கரும்பலகை தெரியாததால் மட்டுமே பின்தங்கும் பிள்ளைகளும் உண்டு.

எப்போது டாக்டர்?

வருத்தமோ கோபமோ எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். விளையாட்டில் விருப்பம் போய்விடுவது, சாப்பாடும் தூக்கமும் மாறிவிடுவது, நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வருவது, சிநேகிதர்களை விட்டு ஒதுங்குவது, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவது ஆகியவை அறிகுறிகள். பெரியவர்களுக்குத் துக்கம் அழுகையாக வரும். பிள்ளைகளுக்குப் பல நேரம் அது கோபமாகத்தான் வரும்.

மனநல டாக்டர் என்றாலே “பைத்தியத்துக்குப் பார்க்கிறவர்” என்ற பயம் பலருக்கு இருக்கிறது. “வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா?” என்றும் யோசிக்கிறார்கள். பிள்ளைகளின் மனநலத்துக்கான முதல் ஆலோசனை நிலையம் இந்தியாவில் தொடங்கப்பட்டது 1937ல். அதுவும் இதே நகரத்தில், இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்ற கல்லூரியில்! எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மும்பையில் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப் போய் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். சயான், பரேல் கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை; பேச்சே போதுமானதாக இருக்கிறது.

தேர்வு முடிவு நாள்

2022ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவ, மாணவிகள் தற்கொலை செய்துகொண்டதாக மத்திய அரசின் குற்றப் பதிவுப் புள்ளிவிவரம் கூறுகிறது. காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தேர்வு முடிவு வரும் நாளில் ஒவ்வொரு பெற்றோரும் விழிப்பாக இருக்க வேண்டும்.

முடிவு வருவதற்கு முன்பே, “என்ன மார்க் வந்தாலும் வீட்டுக்கு வா. சேர்ந்து யோசிப்போம்” என்று சொல்லிவைக்க வேண்டும். தோற்றவர்கள் ஒரு வருஷத்தை இழக்காமல், அடுத்த சில வாரங்களிலேயே எழுதத் துணைத் தேர்வு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் உண்டு, மகாராஷ்டிரத்திலும் உண்டு. இதையும் முன்பே சொல்ல வேண்டும்.

“நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நல்லது” என்பது போல் பிள்ளை பேசினால், அதைச் சும்மா பேச்சு என்று தள்ளக்கூடாது. அருகில் உட்கார்ந்து, “செத்துப்போகலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனபாரம்தான் குறையும். பிள்ளையைத் தனியே விடாமல், அன்றைக்கே உதவி தேட வேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்க வேண்டியது இல்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017ம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது.

வேலையை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்களுக்குப் போன் வசதி இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ந்தேதி தொடங்கிய “டெலி மானஸ்” சேவையின் எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம். பிள்ளைக்காக மட்டும் அல்ல. கடனாலோ குடியாலோ மனம் உடைந்த அப்பாவும், யாரிடமும் சொல்ல முடியாத அம்மாவும் பேசலாம். பிள்ளைகளே உதவி கேட்க 1098 என்ற எண் இருக்கிறது. 1996ல் மும்பையில் பிறந்து நாடு முழுவதும் பரவிய சேவை அது. இந்த இரண்டு எண்களையும் சுவரில், காலண்டர் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

மறுபடியும் அந்த வீடு

காலையில் சுருண்டு கிடந்த பையனைப் பார்ப்போம்.

அன்று இரவு அப்பா வந்து சாப்பிட்டுவிட்டு, டி.வி.யை அணைத்துவிட்டு, பாயில் அவன் பக்கத்தில் படுக்கிறார். “வகுப்புல உன் பக்கத்துல யாருல இருக்கா?” என்று கேட்கிறார். முதலில் பதில் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மராத்தி வகுப்பு; எழுந்து வாசித்தது; எல்லாரும் சிரித்தது.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொல்கிறார்:

“நான் மும்பைக்கு வந்த புதுசுல, ரயில் டிக்கெட் கேக்கத் தெரியாம நின்னேன்லே. என்னப் பாத்தும் சிரிச்சாங்க.”

“பொறவு?”

“பொறவு என்ன? பேசிப் பேசிப் பழகிட்டேன். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டு வாரேன். டீச்சரப் பாத்துப் பேசுவோம்.”

மறுநாள் காலையிலும் வயிறு வலிக்கத்தான் செய்யும். ஒரே நாளில் போகிற வலி அல்ல அது. ஆனால் அன்று பையன் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்பான்:

“அப்பா, சனிக்கிழமை கண்டிப்பா வருவீங்கள்லா?”

அந்தச் சனிக்கிழமை அப்பா போக வேண்டும். அதுதான் முக்கியம்.